எலக்ட்ரானிக் த்ராட்டில் சிக்கிக்கொள்ளும் குறை: 2011 மாடல் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2011ஆம் ஆண்டில் பதிவான, 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் கொண்ட சிறிய கார் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்படாமல் போகும் குறையோடு சென்னை தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. வருவதற்கு முன்பே அதன் த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைத் தகடு ஒன்றால் கட்டுப்படுத்தும் பாகம்) இருமுறை சுத்தம் செய்யப்பட்டு, பிறகு புதுப்பேட்டையில் வாங்கிய பழைய த்ராட்டில் பாடி ஒன்று மாட்டப்பட்டு, அதுவும் பலிக்காமல் போகவே, ஈசிஎம்மை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை) மாற்றியாக வேண்டும் என்று வேறொரு பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழற்றப்பட்ட த்ராட்டில் பாடியும் மாற்றச் சொன்ன ஈசிஎம்மும் நல்ல நிலையிலேயே இருந்தன. அதை நிறுவிய அளவீடுகளையும், முன்னே செய்த வேலைகள் சில வாரங்களுக்கு மட்டும் பலன் தந்ததற்கான காரணத்தையும் இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். இந்த வயதுள்ள வண்டிகள் பதினைந்து ஆண்டுப் பதிவுப் புதுப்பிப்பை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் வந்து விழும் தேவையற்ற ஈசிஎம் செலவு ஒன்றே, இன்னும் சில ஆண்டுகள் நன்றாக ஓடக்கூடிய வண்டியை உடைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடும்.

முறையீடும் முன்கதையும்

உரிமையாளர் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கான வலையும் கயிறும் விற்பவர். வீடு திருவொற்றியூரில், கடற்கரையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. வண்டி இரவில் வெட்டவெளியில் நிற்கிறது, பகலில் மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது. உப்புக்காற்று படாத பொழுது அந்த வண்டிக்கு அநேகமாக இல்லை. குறையை அவர் சொன்ன விதம் தெளிவாக இருந்தது: “அண்ணே, எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் வண்டிங்களுக்கு நடுவுல வந்துகிட்டு இருக்கும்போதே மிதிச்சா ஏற மாட்டேங்குது. என்ஜின் லைட்டு வந்துடுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி, கொஞ்சம் பொறுத்து ஆன் பண்ணா பழையபடி ஓடுது.”

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்களுக்கு இடையே இழுவை இழந்து வண்டி ஊர்ந்தால் என்ன நேரும் என்பதை இந்தப் பகுதியில் ஓட்டுபவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே குறை தானாகத் திரும்பி வரும்வரை ஓட்டிப் பார்க்கச் சொல்வது முறையல்ல என்று முதலிலேயே முடிவு செய்து, வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டோம்.

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன் கேட்ட சில கேள்விகள் பின்னர் மிகவும் உதவின. குறை பெரும்பாலும் என்ஜின் நன்றாகச் சூடான பிறகே வருகிறது. ஏசி போட்டு நெரிசலில் நின்று நகரும்போது அதிகம் வருகிறது. மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி வருகிறது. முதல் சுத்தம் செய்த பின் சுமார் இரண்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. இரண்டாவது சுத்தத்துக்குப் பின் சில வாரங்களே தாங்கியது. வேறு த்ராட்டில் பாடி மாட்டிய பிறகோ ஒரு வாரம்கூட முழுதாகப் போகவில்லை. இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதினேன். கரியும் பிசுக்கும் மட்டுமே காரணம் என்றால், ஒவ்வொரு சுத்தத்துக்குப் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு காலம் வண்டி ஓடியிருக்க வேண்டும். நிவாரணம் கிடைக்கும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றால், பிசுக்கோடு தொடர்பில்லாத வேறொன்று பின்னணியில் மோசமாகிக்கொண்டே வருகிறது.

மற்றொரு செய்தியும் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அவர் தெருவில் தண்ணீர் தேங்கியபோது, வண்டி சக்கரம் பாதி மூழ்க நின்றிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு வண்டி கிளம்பாமல் போகவே, ஒருவர் வந்து ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் ஒரு ஃபியூஸை மாற்றி ஓட வைத்திருக்கிறார். அப்போது இதை ஒரு தகவலாக மட்டும் குறித்துக்கொண்டோம்.

‘சிக்கிக்கொண்டது’ என்றால் என்ன

கேபிள் இழுக்கும் பழைய த்ராட்டிலில் தகடு சிக்கினால் காலிலேயே தெரியும். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் காலுக்கும் தகட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மிதியில் உள்ள இரண்டு சென்சார்கள் ஓட்டுநரின் விருப்பத்தை ஈசிஎம்முக்குச் சொல்கின்றன. ஈசிஎம் ஒரு சிறிய டிசி மோட்டாரை இயக்குகிறது. மோட்டார் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் வழியாகத் தகட்டைத் திருப்புகிறது. தகட்டின் அச்சில் உள்ள இரண்டு சென்சார்கள், தகடு எங்கே வந்து நிற்கிறது என்பதை ஈசிஎம்முக்குத் திருப்பிச் சொல்கின்றன. மோட்டாருக்கு மின்சாரமே இல்லாதபோது, எதிரெதிராக இழுக்கும் ஸ்பிரிங்குகள் தகட்டைச் சற்றே திறந்த ஒரு நடுநிலையில் நிறுத்தி வைக்கும். மோட்டார் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திறக்கவும் வேண்டும், ஐடிலுக்காக (மிதியை மிதிக்காதபோது என்ஜின் மெதுவாக ஓடுவதற்காக) நடுநிலையிலிருந்து உள்நோக்கி மூடவும் வேண்டும். அதனால் ஈசிஎம் மோட்டாருக்குச் செல்லும் இரு ஒயர்களிலும் மின்னோட்டத்தின் திசையைத் தேவைக்கேற்ப மாற்றி மாற்றி அனுப்புகிறது.

தான் கேட்ட கோணத்துக்கும் தகடு நிற்கும் கோணத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு, அனுமதித்த நேரத்துக்குள் தீரவில்லை என்றால் ஈசிஎம் பழுதுக் குறியீட்டைப் பதிவு செய்து, மோட்டாருக்கான சப்ளையை நிறுத்திவிடும். தகடு நடுநிலைக்குப் போய்விடும். வண்டி லிம்ப் மோடில், அதாவது பழுது கண்டதும் சக்தியைக் குறைத்து ஓடும் நிலையில், ஊர்ந்து செல்லும். சாவியை அணைத்துப் போட்டால் மோட்டார் மீண்டும் இயக்கப்படும். அந்த நேரத்தில் தகடு ஒழுங்காக அசைந்துவிட்டால் வண்டி பழையபடி ஓடும். உரிமையாளர் சொன்னது முழுக்க முழுக்க இதுதான்.

ஆக, ஈசிஎம்முக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: தகடு சொன்ன இடத்துக்கு, சொன்ன நேரத்துக்குள் வரவில்லை. தகட்டைத் தடுக்கும் உராய்வு கூடியிருக்கலாம், தள்ளும் விசை குறைந்திருக்கலாம், அல்லது தகடு சரியாக வந்தும் சென்சார் தவறாகச் சொல்லியிருக்கலாம். மூன்றுக்கும் ஸ்கேனரில் ஏறத்தாழ ஒரே மாதிரிக் குறியீடுதான் விழும். குறியீட்டைப் பார்த்ததும் த்ராட்டில் பாடியைக் கழற்றுவது, இந்த மூன்றில் முதலாவதை மட்டும் கருதிச் செய்யும் வேலை.

முதல் அளவீடுகள்

ஸ்கேனரில் பி2119 உறுதியான குறியீடாகவும், பி2101 நிலுவைக் குறியீடாகவும் (கண்டறிந்தும் இன்னும் உறுதியாகாதது) இருந்தன. பி2119 த்ராட்டில் பாடியின் செயல்பாடு எல்லைக்குள் இல்லை என்கிறது. பி2101 மோட்டாரின் மின்சுற்றுச் செயல்பாட்டைச் சுட்டுகிறது. த்ராட்டில் பெயர் வருகிற குறியீட்டை எழுதிக்கொண்டு மற்றதை அழித்துவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. நிலுவையில் இருக்கும் குறியீடு பல நேரங்களில் உறுதியான குறியீட்டைவிட அதிகம் சொல்லும். பி2135 எங்கும் பதிவாகவில்லை என்பதும் கவனத்துக்குரியது. தகட்டின் இரு சென்சார்களும் ஒன்றோடொன்று முரண்படும்போது விழும் குறியீடு அது. அது இல்லாததால், சென்சார் பொய் சொல்கிறது என்ற மூன்றாவது சாத்தியம் பலவீனமானது.

பேட்டரி, சாவி போட்ட நிலையில் 12.4 வோல்ட், என்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட். மிதியின் சென்சார் இரண்டும் மெதுவாக மிதிக்கும்போது தடங்கலின்றி ஏறின. ஒன்று மற்றதில் சரிபாதியாகவே முழுத் தூரமும் இருந்தது. சென்சாருக்கான 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தன. ஓய்வு நிலையில் தகட்டின் முதல் சென்சார் 0.92 வோல்ட், இரண்டாவது 4.08 வோல்ட். இந்த வகையில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கூட்டுத்தொகை எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். அடுத்து சாவியை அணைத்து, பேட்டரியின் எர்த்தையும் மோட்டாரின் இணைப்பையும் பிரித்துவிட்டு, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றித் தகட்டை விரலால் அசைத்துப் பார்த்தோம். சப்ளை உள்ள த்ராட்டிலுக்குள் யாரும் விரலை விடக்கூடாது; தகடு எந்த நொடியிலும் பலமாக மூடிக்கொள்ளும். நடுநிலையிலிருந்து முழுத் திறப்பு வரை தகடு வழுவழுப்பாகச் சென்று, விட்டதும் திரும்பியது. உள்நோக்கித் தள்ளும்போது, முழுதும் மூடும் இடத்தில் மட்டும் லேசான ஒட்டுதல் இருந்தது. துளையின் சுவரில் பழுப்பு நிறப் பிசுக்கு மெல்லிய வளையமாகப் படிந்திருந்தது. இவ்வளவு பிசுக்கு எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும். ஆரோக்கியமான மோட்டார் அதைப் பொருட்படுத்தாது.

இந்த இடத்தில்தான் நோயறிதல் திசை மாறியது. பிசுக்கு படிவது தகடு மூடும் இடத்தில். அது மட்டுமே குற்றவாளி என்றால், தகடு மூடுகிற அல்லது மூடிய நிலையிலிருந்து கிளம்புகிற தருணத்தில் மட்டுமே தடுமாற வேண்டும். பாதித் திறப்பிலிருந்து முழுத் திறப்புக்குப் போகும்போது அதற்கு வேலையே இல்லை. மாறாக, மோட்டாரின் விசை குறைந்திருந்தால் எல்லா இடத்திலும் மந்தம் தெரியும். ஸ்பிரிங் அதிகமாக இழுக்கும் முழுத் திறப்புப் பக்கம் மிகவும் கூடுதலாகத் தெரியும்.

அதைப் பார்க்க, என்ஜினை ஓட்டாமல் சாவி மட்டும் போட்டு, முதல் சென்சாரின் மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப்பில் வரைந்தபடி மிதியைச் சட்டென்று முழுதும் மிதித்தோம். ஒப்பிடுவதற்கு நல்வாய்ப்பாக, எண்ணெய் மாற்ற வந்திருந்த அதே மாடல் வாடகைக் கார் ஒன்று பட்டறையில் இருந்தது. அதில் தகடு 0.15 வினாடிக்குள் போய் நின்றது. கோடு செங்குத்தாக ஏறி, மூலையில் சிறிய துள்ளலோடு சமனானது. நம் வண்டியில் கோடு சாய்வாக ஏறி, மேலே போகப் போக வளைந்து, 0.4 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. மூடும் இடத்தில் பிசுக்கு காரணமாக வந்த சிறு தயக்கமும் தெரிந்தது, ஆனால் அது பெரிதல்ல. பாதித் தூரத்துக்கு மேல்தான் கோடு உண்மையில் சோர்ந்து போனது. ஸ்கேனரில் மோட்டாருக்கு ஈசிஎம் தரும் கட்டளையின் விகிதமும், ஒரே திறப்பில் தகட்டைப் பிடித்து வைத்திருக்க, வாடகைக் காரைவிட வெகுவாகக் கூடியிருந்தது. ஈசிஎம் தன்னால் இயன்றவரை தள்ளிக்கொண்டுதான் இருந்தது. தகடு சிக்கவில்லை, தள்ளும் விசை வந்து சேரவில்லை.

மோட்டாரா, ஒயரா

மோட்டாரின் சுருளை கனெக்டரில் அளந்தபோது 2.1 ஓம். உரிமையாளர் கழற்றிய பழைய த்ராட்டில் பாடியைத் தூக்கியெறியாமல் டிக்கியில் வைத்திருந்தார். அதன் சுருளும் கிட்டத்தட்ட அதே அளவு. அச்சை மெல்லத் திருப்பியபடி பலமுறை அளந்தும் எங்கும் துண்டிப்போ தாவலோ இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மோட்டார்களும் ஒரே விதமாகப் பலவீனமடைந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. எனவே ஈசிஎம்மிலிருந்து த்ராட்டில் வரை வரும் இரண்டு ஒயர்கள் மட்டுமே மிஞ்சின.

முன்பு பார்த்த பட்டறையிலும் இந்த ஒயர்களைச் சோதித்திருக்கிறார்கள். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்திருக்கிறார்கள். பீப் ஒலி வந்திருக்கிறது. ஒயர் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான நோயறிதல்கள் வழி தவறும் இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. தொடர்ச்சிச் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. முப்பது இழைகளில் இரண்டே இழைகள் மிஞ்சியிருந்தாலும் பீப் ஒலிக்கும். துருவேறிச் சுருங்கிய வீட்டுக் குழாயிலும் டம்ளர் பிடிக்கத் தண்ணீர் வரத்தான் செய்யும். அதைப் பார்த்து மாடித் தொட்டிக்கு ஏறிவிடும் என்று சொல்ல முடியாது. மோட்டாருக்கு ஒரே நொடியில் நாலைந்து ஆம்பியர் தேவைப்படுகிறது. அந்த அளவில் ஒரு ஓம் என்பது பெரிய தடை. ஆனால் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில், அதன் புரோப் ஒயர்களின் தடையோடு சேர்ந்து அது கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகவே ஒயரைப் பளு ஏற்றிச் சோதித்தோம். பேட்டரியின் எர்த்தை எடுத்துவிட்டு, ஈசிஎம் கனெக்டரையும் த்ராட்டில் கனெக்டரையும் கழற்றி, ஒயரை இரு முனைகளிலும் தனியாக்கினோம். பிறகு தனியாக வைத்த ஒரு பேட்டரியிலிருந்து அந்த ஒயர் வழியாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எரிய வைத்து, ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த இழப்பை அளந்தோம். அந்தப் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஒயர்களும் ஒன்றரை மீட்டர் நீளம், 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்களவு. நல்ல செம்பு என்றால் இழப்பு 0.1 வோல்ட்டைத் தாண்டக் காரணமில்லை.

முதல் ஒயரில் 0.06 வோல்ட். இரண்டாவதில் 1.4 வோல்ட். அந்த ஒயரைக் கையால் அங்கங்கே மெல்ல வளைத்தபடி வந்தபோது, ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில், பிராக்கெட்டை ஒட்டி ஒயர்க்கட்டு கீழ்நோக்கி வளைந்து மேலேறும் இடத்தில், மீட்டர் 0.9க்கும் 2 வோல்ட்டுக்கும் இடையே தாவியது. பல்பின் வெளிச்சமும் கூடவே மங்கித் தெளிந்தது.

டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். வெளிப்பார்வைக்கு ஒயரின் உறை முழுதாக இருந்தது. நசுங்கலோ கீறலோ இல்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உறையை விரலால் சற்று வளைத்தபோதுதான் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை திறந்து மூடியது. அதைச் சுற்றி உறையில் வெளிறிய பச்சைக் கறை இருந்தது. அந்த இடத்தில் உறையை நீளவாக்கில் கீறியபோது உள்ளே செம்பின் நிறமே இல்லை. துளைக்கு நேரே களிம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது; அதற்கு இருபுறமும் இழைகள் கறுத்துப் போயிருந்தன; நகத்தால் தள்ளியதும் பல இழைகள் ஒடிந்து வந்தன. கறுப்பு, துளையிலிருந்து இருபக்கமும் சில அங்குலம் வரை உறைக்குள்ளேயே ஊர்ந்திருந்தது.

அதே கட்டில் மற்ற ஒயர்களையும் பார்த்தபோது, சென்சார் ஒயர் ஒன்றிலும் மோட்டாரின் மற்றொரு ஒயரிலும் அதேபோன்ற ஊசித்துளைகள் இருந்தன. அவை கட்டின் மேல்பக்கத்தில், டேப்புக்குள் அமைந்திருந்ததால் உள்ளே செம்பு இன்னும் பளபளப்பாக இருந்தது. பாதிக்கப்பட்ட ஒயரின் துளை வளைவின் அடிப்பகுதியில், தண்ணீர் வடிந்து வந்து நிற்கும் இடத்தில் இருந்தது. புயல் மழைக்குப் பிறகு வந்து சோதித்தவர், சப்ளை வருகிறதா என்று பார்க்க ஒயர்களை ஊசியால் குத்தியிருக்க வேண்டும். நமது தொழிலில் நாள்தோறும் நடப்பதுதான் இது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் கடலோரத்தில் ஓடும் வண்டியில் குத்திய துளையை அடைக்காமல் விடுவது, குறையை விதைத்துவிட்டு வருவதற்குச் சமம். என்ஜின் சூட்டில் உறைக்குள் உள்ள காற்று விரிந்து வெளியேறும். வண்டி ஆறும்போது ஈரமும் உப்பும் கலந்த காற்றை அதே துளை உள்ளே இழுத்துக்கொள்ளும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் நிற்கும் வண்டிக்கு இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. கனெக்டரின் பின்பக்கமாக, ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய பின்னை நுழைத்தால் உறையைத் தொடாமலே அளந்துவிடலாம். வேறு வழியின்றிக் குத்தியே ஆக வேண்டும் என்றால், குத்திய இடத்தைச் சீலன்ட் வைத்து அடைத்து, அதன்மேல் டேப் சுற்றாமல் வண்டியை விடக்கூடாது.

சுத்தம் செய்தபோது ஏன் சரியானது

1.4 வோல்ட் இழப்பிலிருந்து கணக்கிட்டால், கெட்ட இடத்தின் தடை சுமார் 0.9 ஓம். ஈசிஎம்மின் உள் இழப்பைச் சேர்க்காமல், கணக்கு முழுவதையும் 12.4 வோல்ட்டிலேயே வைத்துக்கொள்வோம். 2.1 ஓம் சுருளுக்கு நல்ல ஒயரில் அதிகபட்சம் 5.9 ஆம்பியர் கிடைக்கும். 0.9 ஓம் சேர்ந்ததும் அது 4.1 ஆகிறது. டிசி மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்தோடு நேர்விகிதத்தில் மாறுவதால், விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே போய்விடுகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். நெரிசலில் ஏசியோடு நின்று மோட்டாரின் சூடு அறுபது டிகிரி ஏறினால், 2.1 ஓம் சுருள் 2.6 ஓம் ஆகும். கெட்ட ஒயரோடு சேர்த்து 3.5 ஓம், மின்னோட்டமும் 3.5 ஆம்பியராக இறங்கும். நல்ல ஒயர் என்றால் அதே சூட்டில் 4.8 ஆம்பியர் கிடைத்திருக்கும். குறை ஏன் சூடான பிறகே வந்தது என்பதற்கு இது விடை. மழைக்காலத்தில் துளைக்குள் ஈரம் கூடிக் களிம்பு வேகமாகப் பரவியதும் உரிமையாளர் சொன்னதோடு பொருந்துகிறது.

பிசுக்கைத் துடைத்தபோது உராய்வு குறைந்தது. மிஞ்சியிருந்த விசை அதற்குப் போதுமானதாக இருந்தது. வண்டி இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் ஒயரின் தடை மேலும் ஏறிவிட்டதால் அடுத்த சுத்தம் குறைந்த காலமே தாங்கியது. வேறு த்ராட்டில் பாடி மாட்டியபோது ஒயர் இன்னும் மோசமாகியிருந்தது. ஒவ்வொரு வேலையும் சிறிது பலன் தந்ததாலேயே, கோளாறு த்ராட்டில் பாடியில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வலுப்பட்டது. உரிமையாளரிடம் இதை விளக்கியபோது, வெட்டியெடுத்த ஒயர்த்துண்டையும் ஆசிலோஸ்கோப்பின் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். படகு என்ஜின் ஒயரிங்கில் களிம்பைப் பார்த்துப் பழகியவர் என்பதால் அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பழுது நீக்கம்

கறுத்த பகுதியை மட்டும் வெட்டினால் போதாது. இருபுறமும் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த இழையில் ஈயப்பற்று ஒட்டாது, நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் இணைப்பும் நிலைக்காது. வெட்டிய இடத்தில் அதே குறுக்களவுள்ள, படகு ஒயரிங்கில் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை இணைத்தோம். கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினோம். சாதாரண ஷ்ரிங்க் குழாய் உப்புக்காற்றைத் தடுக்காது. பசை உருகி விளிம்பில் கசிந்து வந்தால்தான் அடைப்பு முழுமை. மோட்டாரின் இரு ஒயர்களும் கம்பெனியில் முறுக்கிவிடப்பட்டிருந்தன. சென்சார்களுக்கு இரைச்சல் போகாமல் இருக்க அந்த முறுக்கு உதவுவதால், அதே போல முறுக்கியே கட்டினோம். மற்ற ஊசித்துளைகளையும் அடைத்து, ஒயர்க்கட்டின் வளைவை மாற்றி, தண்ணீர் தங்காத உயரத்தில் புதிய கிளிப் வைத்துப் பிடித்தோம். கனெக்டரின் பின்கள் சுத்தமாகவே இருந்தன.

பிறகு, பளு ஏற்றி அளந்தபோது இழப்பு 0.07 வோல்ட்.

அடுத்து எந்த த்ராட்டில் பாடியை வைப்பது என்ற கேள்வி. புதுப்பேட்டையில் வாங்கியதன் துளைச்சுவரை யாரோ எமெரித் தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். தகடு மூடும் இடத்தில் நுண்ணிய கீறல்கள் இருந்தன, பல்சக்கரத்திலும் கையில் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. வண்டியோடு வந்த பழையதில் இந்த இரண்டு குறையும் இல்லை. அதையே சுத்தம் செய்து திரும்ப மாட்டினோம். சுத்தம் செய்யும்போது ஸ்பிரேயை நேராக அச்சின் மீது அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்தோம். அச்சு வழியாக உள்ளே இறங்கும் திரவம் பேரிங்கின் உயவை அடித்துக்கொண்டு போய்விடும். சில வகைகளில் சென்சார் பக்கமும் சேரும். கம்பி பிரஷ், எமெரித் தாள், கத்தி முனை ஆகியவற்றுக்கு இந்த வேலையில் இடமே கிடையாது. சில த்ராட்டில்களில் துளைச்சுவரிலும் தகட்டின் விளிம்பிலும் கம்பெனிப் பூச்சு இருக்கும். அது போனால் பிசுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும். பிசுக்குக்கான ஊற்று, என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி. அந்த ஆவியை என்ஜினுக்குள் திருப்பிவிடும் பிசிவி வால்வை ஆட்டிப் பார்த்தபோது உள்ளே அசைவில்லை. எண்ணெய்க் கசடில் உறைந்திருந்தது. மலிவான பொருள் என்பதால் புதியதே போட்டு, விறைத்துப்போயிருந்த அதன் ரப்பர் குழாயையும் மாற்றினோம்.

எல்லாம் மாட்டி என்ஜினைக் கிளப்பியபோது ஐடில் நிமிடத்துக்கு 1,150 சுற்றில் நின்றது. இது புதிய குறை அல்ல. அழுக்கடைந்த துளையில் போதுமான காற்று செல்ல, தகட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஈசிஎம் கற்று வைத்திருந்தது. துளை சுத்தமானதும் அதே திறப்பில் காற்று கூடுதலாகப் போகிறது. பழைய கற்றலை ஸ்கேனரில் அழித்து, மிதியைத் தொடாமல் சாவி போட்டு வைத்து, தகடு தானாக முழுதும் மூடித் திறந்து தன் எல்லைகளைப் பதிந்துகொள்ளும் வரை காத்திருந்தோம். பின்பு என்ஜின் சூடேறும் வரை எந்தச் சுமையும் இல்லாமல் ஓடவிட்டோம். ஐடில் 750க்கு வந்து நிலைத்தது. இந்தக் கற்றலைச் செய்யும் முறை ஒவ்வொரு வண்டிக்கும் வேறுபடும். ஆனால் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும், ஏசியும் விளக்குகளும் அணைந்திருக்க வேண்டும் என்பது பொதுவானது. சுத்தம் செய்த பிறகு இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால், ஐடில் கூடுதலாக இருக்கிறது என்று அடுத்த நாளே வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

சரிபார்ப்பு

மிதியைச் சட்டென்று மிதிக்கும் சோதனையை மீண்டும் செய்தபோது, கோடு வாடகைக் காரின் கோட்டோடு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தியது. மேல்பாதியில் இருந்த வளைவு மறைந்துவிட்டது. ஆனால் குளிர்ந்த நிலையில் கிடைத்த முடிவை நான் போதுமானதாகக் கருதவில்லை. இந்த வண்டியின் குறை சூட்டில் வருவது. ஆகவே நண்பகலில் ஏசியை முழுதாக வைத்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நெரிசலோடு சுங்கச்சாவடி வரை சென்று, அங்கிருந்து விரைவுச் சாலைக்கு இறங்கித் திரும்பினோம். ஸ்கேனரில் கேட்ட கோணமும் நின்ற கோணமும் முழுத் தூரமும் ஒட்டியே சென்றன. நிலுவைக் குறியீடும் பதிவாகவில்லை. பட்டறைக்கு வந்து, என்ஜின் அறையின் சூடு ஆறுவதற்குள் ஒயர் இழப்பை மறுபடி அளந்தபோதும் எண் மாறவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பழுதுச் சீட்டில் இரு ஒயர்களின் இழப்பு அளவுகளையும், சுருளின் தடையையும், ஓய்வு நிலையில் சென்சார்களின் மின்னழுத்தத்தையும் எழுதிக் கொடுத்தோம். அடுத்து யார் இந்த வண்டியைப் பார்த்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருந்தோம், கொண்டுவந்தார். இணைப்பின் விளிம்பில் பசை உரியவில்லை, பளுவில் இழப்பு அதே 0.07 வோல்ட், குறியீட்டு நினைவகம் காலி. மிஞ்சிய புதுப்பேட்டை த்ராட்டில் பாடியை, துளைச்சுவரின் நிலையைச் சொல்லியே, வாங்கிய கடையில் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஈசிஎம் அதன் இடத்திலேயே இருக்கிறது.